தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டு முடிவும் எட்டாம் வகுப்பு வரலாற்றுச் செயல்திட்டமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இனி, எட்டாம் வகுப்புப் பெற்றோரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. (மற்றவர்களும் படிக்கலாம், உங்கள் முறையும் வரும்.)

'ஆங்கிலேயர் ஆட்சி நம் பக்கத்தில் விட்டுப்போன தடம்' என்று சமூக அறிவியல் ஆசிரியை ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளையே இரண்டு பக்கம் எழுத வேண்டும், அவ்வளவுதான். வந்தவையோ ஸ்பைரல் பைண்டிங் போட்ட கலர் பிரிண்ட்-அவுட்களும் தெர்மோகோல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைகளும். கோட்டை அழகுதான். 1639இல் அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், கொண்டுவந்தவன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறான்.

பாதிக்கு மேற்பட்ட நோட்டுகளில் ஒரே மேற்கோள், ஒரே எழுத்துப்பிழையோடு. இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை என்று 1835 பிப்ரவரி 2 அன்று ஆங்கிலேய ஆட்சியின் உயர் அதிகாரி மெக்காலே லண்டன் நாடாளுமன்றத்தில் பேசினாராம். அன்று அவர் லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கியவர், அப்போது கல்கத்தாவில் இருந்தார். அந்தத் தேதியில் அவர் எழுதியது, இந்தியாவில் ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று வாதிடும் கல்விக் குறிப்பு. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்பது அதில்தான் வருகிறது. உண்மையே இப்படிச் சுடும்போது வாட்ஸ்அப் கற்பனை எதற்கு?

ஒரு மாணவி மட்டும் ஒன்றரைப் பக்கம், அடித்துத் திருத்தி, தன் கையெழுத்தில் தந்திருந்தாள். யாராவது அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால் அவள் பாட்டி, "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவனாடா நீ?" என்பாராம். அது எந்த வருஷம் என்று துருவி, 1876-78 பெரும்பஞ்சத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்று கண்டுபிடித்திருக்கிறாள். நிவாரண வேலைக்கு, பஞ்சத்தைக் கவனிக்க ஆங்கிலேய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்து வைத்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அரைக் கிலோகூட இல்லை என்று ஓரத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள்.

மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற உங்கள் பதற்றம் புரியாமல் இல்லை. வேலை முடிந்து வந்த அலுப்போடு உட்கார்ந்து எழுதியவர்களும் இருக்கிறீர்கள். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்: பெற்றோர் எழுதியதற்கும் கடையில் வாங்கியதற்கும் மதிப்பெண் கிடையாது. அந்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இது குறித்து ஆசிரியையை இரவில் போனில் அழைத்துச் சத்தம் போடுவதை ஏற்க முடியாது. பேச வேண்டியிருந்தால் பள்ளி நேரத்தில் என்னிடம் வாருங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் மறுபடி வாங்கிக்கொள்கிறோம். ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளைக் கொஞ்சம் உட்கார விடுங்கள். பழைய பட்டா இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். உழவரிடமே அரசு நேராக வரி வாங்கிய சென்னை ஆளுநராக இருந்த மன்றோ காலத்து ரயத்துவாரி முறையை அதிலிருந்தே ஆசிரியை விளக்கிவிடுவார். பிள்ளைகளின் படிப்பில் நீங்கள் காட்டும் அக்கறைக்கு மனமார்ந்த நன்றி.

அசல் பத்திரங்களைக் கொடுத்தனுப்ப வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்