பெரியவனுக்கு

நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் "சரிம்மா, வைக்கட்டுமா" என்று வந்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சின்னவள் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். படித்தால் நீல டிக் விழும் என்று எனக்கும் தெரியும். மாசிக் களரித் திருவிழாவுக்குப் பிறகு நான் அனுப்பியது எல்லாவற்றிலும் நீல டிக் இருக்கிறது, பதில்தான் இல்லை.

தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாயா? தோஹா வெயிலில் வேர்வை வருவதே தெரியாது, காற்றிலேயே காய்ந்துவிடும் என்று நீதான் சொன்னாய். போன தடவை கல் வந்தபோது பட்ட பாடு மறந்திருக்காது. பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. வீட்டு மரங்களில் உன் மாமா மகன் ஏறினான், அவனும் ஆடியோடு நிறுத்திவிட்டான். இந்த வருஷம் பதநீர் மோசமில்லை. ஆனால் ஊரில் ஏறுகிற ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதிப் பேருக்கு உன் அப்பா வயசு. இது உனக்குத் தெரியாததில்லை.

சங்கத்து விஷயம் சொல்கிறேன். நீ ஊரில் இருந்தபோது சங்கம் என்றால் கருப்பட்டியை எடை போட்டு, பாதிக் காசு கொடுத்து, மீதியைக் கேட்டால் "மேலே கூட்டுறவு இணையத்திலிருந்து வரவில்லை" என்று கையை விரிக்கிற இடம். இப்போது அப்படி இல்லை. பனை வைத்திருக்கிறவர்களும் காய்ச்சுகிற பெண்களும்தான் பங்குதாரர்கள். நிர்வாகக் குழுவில் பெண்கள் நாலு பேர் இருக்கிறோம், நானும் ஒருத்தி. இதை உனக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். ஒரு தடவையாவது "நல்லது அம்மா" என்று சொல்லியிருக்கலாம். சரி, விடு.

சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் சரக்கை வாங்குகிற கடைக்காரர்கள் அனுப்பிய ஆள், உன் தங்கை வயசுதான் இருக்கும். கையில் ஒரு படிவம், அத்தனையும் இங்கிலீஷ். ஒரு கிலோ கருப்பட்டிக்கு விறகு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கழிவு எங்கே போகிறது, வெட்டின மரத்துக்குப் பதில் மரம் வைக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்வி. நீ பக்கத்தில் இருந்திருந்தால் உட்கார்ந்த இடத்தில் எழுதி முடித்திருப்பாய் என்று அவளிடமே சொன்னேன். என் மகன் தோஹாவில் பெரிய பிளான்டில் சேஃப்டி சூப்பர்வைசர் என்றும் சொன்னேன். நீ பேசுகிறாயோ இல்லையோ, உன்னைப் பற்றி நான் பேசாமல் இருப்பதில்லை.

கழிவு என்றதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனையில் கழிக்க என்ன இருக்கிறது? ஓலை, மட்டை, நார், தும்பு, கொட்டை எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. ஆனால் அந்தப் பெண் விடவில்லை. கொட்டகையைச் சுற்றி வந்து பதநீர்ப் பானை கழுவின தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்றாள். புளித்த வாடை, ஈ மொய்க்கிறது. தெருவில் ஏற்கெனவே சண்டைதான். அப்புறம் ஒரு குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, அதில் வடிந்து வருகிற தண்ணீரைத் தென்னைக்கு விட்டிருக்கிறோம். வாடை முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

விறகுதான் பெரிய கணக்கு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டருக்குக் குறையாமல் பதநீர் காய்ச்ச வேண்டும். அத்தனை தண்ணீரும் ஆவியாகப் போக வேண்டும் என்றால் எத்தனை விறகு என்று நீயே போட்டுப் பார். இந்த ஜில்லாவில் கருவையைத் திட்டாத ஆளும் இல்லை, கருவை எரியாத அடுப்பும் இல்லை. 2017இல் மதுரைக் கோர்ட்டு சீமைக்கருவேலத்தை வெட்டச் சொன்னபோது ஊரே கிளம்பிப் போனது உனக்கு நினைவிருக்கும். வெட்டின இடத்தில் எல்லாம் திரும்ப முளைத்துவிட்டது. அதனால் விறகுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எங்கள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான். இப்போது சங்கக் கொட்டகையில் இரண்டு வாய் வைத்துப் புகைபோக்கி உள்ள அடுப்பு போட்டிருக்கிறோம். முன் வாயில் தாச்சி கொதிக்கும்போது பின் வாயில் அடுத்த ஈடு பதநீர் சூடாகிக்கொண்டே இருக்கும். விறகு நன்றாக மிச்சமாகிறது. நான் இருமுவதும் குறைந்திருப்பதாக அப்பா சொல்கிறார். ராத்திரி தூக்கம் கெட்டது அவருக்குத்தானே.

பொட்டலம் கட்டுவதில்தான் சென்னைக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை. விறகுக்குக் கணக்குக் கேட்டவர்களே, பளபளவென்று பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரச் சொல்கிறார்கள். 2019 ஜனவரியில் அரசாங்கம் பிளாஸ்டிக் பையைத் தடை செய்த பிறகு ஓலைக் கொட்டானுக்கு நல்ல கிராக்கி வந்தது, முடைகிற கிழவிகள் கையில் நாலு காசு பார்த்தார்கள். அதை விட மனசில்லை. ஆனால் ஓலையில் வைத்தால் மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்துவிடுகிறது, அதுவும் உண்மை. உள்ளே ஒரு தாள், வெளியே கொட்டான் என்று இப்போதைக்கு ஓடுகிறது.

இத்தனையும் எழுதியது பழத்தைப் பற்றிச் சொல்லத்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆவணியில் பனம்பழம் விழுந்து கிடக்கும், மாடு சப்பும், நீங்கள் சுட்டுத் தின்று மூஞ்சியெல்லாம் மஞ்சளாக வருவீர்கள். அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. இப்போது சங்கம் பழத்தை எடை போட்டு வாங்குகிறது. மண்டபம் முகாமிலிருந்து யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வந்து எங்களுக்குப் பனாட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார். பழத்தைத் தோலுரித்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து, நாரை வடித்து, கூழை ஓலைப்பாயில் மெல்லிசாகத் தடவி வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்ததன் மேல் மறுநாள் இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று. முதல் வருஷம் கடற்காற்று அத்தனை மணலையும் அதில் கொண்டுவந்து கொட்டியது, தின்றால் பல்லில் நறநறவென்றது. இப்போது கம்பி வளைத்துத் தாள் போர்த்திய சோலார் கூண்டு இருக்கிறது, அதற்குள் காய்கிறது. ஈயும் இல்லை, மணலும் இல்லை. பிழிந்த கொட்டை பாத்திக்குப் போகிறது, பொங்கலுக்குக் கிழங்கு. கிழங்குக்குப் போக நல்ல கொட்டையை ஒதுக்கி, உறுப்பினர் ஒவ்வொருவரும் கண்மாய்க் கரையில் ஊன்ற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அதில் பலன் வர 15 வருஷமாவது ஆகும். நான் பார்ப்பேனோ என்னவோ, ஊன்றிவிட்டேன்.

எல்லாப் பழமும் கூழுக்கு ஆகாது, சில மரத்துப் பழம் கசக்கும். அதை மரம் மரமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடற்கரைப் புஞ்சையில் மேற்கு வரப்போடு நிற்கிற மரங்களின் பழம் சொட்டுக் கசப்பு இல்லை. யாழ்ப்பாணத்து அக்கா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இந்த மரத்துக்கு மட்டும் தனிப் பாய் போடுங்கோ" என்றார். நம் மரம் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

அந்தப் புஞ்சையில் பெண்பனைதான் அதிகம், தாத்தா காலத்திலிருந்தே அப்படி.

தண்ணீர் குடி. மோர் கிடைத்தால் மோர் குடி.

ஆடி கடைசியில் பொதுக்குழு நடந்தது. பனையைச் சூளைக்கோ வேறு எதற்கோ வெட்ட விற்கிறவரிடம் சங்கம் மூன்று வருஷம் பழமும் கருப்பட்டியும் எடுக்காது, அவர் வீட்டில் யாராவது நிர்வாகக் குழுவில் இருந்தால் விலக வேண்டும் என்று ஒரு தீர்மானம். வாசித்தது நான்தான். உன் சித்தப்பா எழுந்து, "ஏற ஆளில்லாத மரத்தை வைத்துக்கொண்டு கும்பிடவா சொல்கிறாய்?" என்று சத்தம் போட்டார். நியாயமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. பதநீருக்குத்தான் ஏற ஆள் வேண்டும், பழம் தானாக விழும், பொறுக்க நாங்கள் இருக்கிறோம் என்றேன். கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் தூக்கினார்கள். அப்பா தூக்கினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சாயல்குடியிலிருந்து ஒரு கார் வந்து கடற்கரைப் புஞ்சை ஓரமாக நின்றது. இரண்டு பேர் இறங்கி டேப் பிடித்து அளந்தார்கள். மரங்களை எண்ணினார்கள். பழம் பொறுக்கப் போயிருந்த பெண்கள், "நீங்கள் யார்?" என்று கேட்டதற்கு, "ஓனர் சொல்லித்தான் வந்தோம்" என்றார்களாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. மதுரை வீட்டுக்கு வங்கியில் கட்டுகிற தவணை கூடியிருப்பதாக மருமகளின் அம்மா சொன்னார். அதையும் நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னதுதான்.

கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட்டுக்கு சோலார் போட்டார்களே, அதுபோல இங்கேயும் வரப்போகிறது, நிலம் விலை ஏறும், இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்று டீக்கடையில் பேச்சு. சூரியனை நான் வேண்டாம் என்று சொல்வேனா? என் பனாட்டு காய்வதே அதில்தான். ஆனால் தகடு வைக்க மரம் நிற்காத பொட்டல் எத்தனையோ கிடக்கிறது. நம் புஞ்சைக்குத் தெற்கே இருக்கிற புஞ்சைக்காரர்கள் மரத்தை வெட்டக் கொடுத்த பிறகு மணல் நடந்து வந்து கிணற்றடி வரை ஏறியிருக்கிறது, வந்தால் பார். இன்னொன்று. 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். யாராவது உன்னிடம் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லியிருந்தால் நம்பாதே. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நீ பனை ஏறக் கூடாது என்று நின்றவள் நான். பாளை அரிவாளை நீ தொட்டதற்கு உன்னை அடித்திருக்கிறேன். அப்பாவுக்கு அதில் என்மேல் கோபம், அவர் ஆத்தா சாகும் வரை என்னை அதற்காகப் பேசினார். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தமில்லை. உன் பெரியப்பா விழுந்த மரத்தடியில் நின்றவள் நான், என் பிள்ளையை எப்படி ஏற்றுவேன்? நீ படித்தாய், போனாய், தலை நிமிர்ந்து நிற்கிறாய். ஏற வேண்டாம் என்றுதான் சொன்னேனே தவிர, மரம் வேண்டாம் என்று எப்போதாவது சொன்னேனா? நான் சொல்லாததை நீ கேட்டுக்கொண்டாயோ என்று இப்போது யோசிக்கிறேன்.

பணம் முடை என்றால் முடை என்று சொல். என் சங்கப் பங்கு இருக்கிறது, சின்னவளுக்கு என்று எடுத்து வைத்த நகை இருக்கிறது. அவளே "அண்ணனுக்குக் கொடும்மா" என்றாள். நீ கேட்க மாட்டாய், உன் அப்பாவின் பிள்ளை. அவரும் அப்படித்தான், காலில் முள் இருந்தால் நடந்து காட்டுவாரே தவிர, உட்கார்ந்து எடுக்க மாட்டார்.

மருமகளைக் கேட்டதாகச் சொல். பேத்திக்குப் பல் விழுந்த போட்டோ பார்த்தோம். அப்பா அதை டீக்கடை வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். ஏர்வாடிப் பையன் வரும் பத்தாம் தேதி தோஹாவுக்குப் போகிறான். கருப்பட்டி, பனாட்டு, அந்தச் சென்னைப் பெண் ரொம்பவும் புகழ்ந்த கிழங்கு மாவு எல்லாம் கட்டிக் கொடுக்கிறேன். உன் நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், போன் செய்தால் எடு. பனாட்டை மேற்கு வரப்புப் பழத்தில் தனியாகப் போட்டது என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சங்கத்தில் புதிதாக மரக் கணக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் ஆண்பனை எத்தனை, பெண்பனை எத்தனை என்று பதிந்து கையெழுத்து வாங்க வெள்ளிக்கிழமை நோட்டோடு வருவார்கள். நிர்வாகக் குழு என்பதால் எங்கள் வீட்டில்தான் முதலில் எழுதுவார்கள். வீட்டடியில் 53 மரம். கடற்கரைப் புஞ்சையையும் சேர்த்தால் 112. இரண்டில் எதை எழுதட்டும் என்று மட்டும் சொல்லிவிடு. எண்ணை மட்டும் அனுப்பினாலும் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அம்மா