லெர்விக் போய்விட்டு வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரிக் கடைசியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்குப் போய், வைக்கிங் என்ற பழைய வடநாட்டுக் கடலோடிகளின் நினைவாக லெர்விக் ஊரில் நடக்கும் 'அப் ஹெல்லி ஆ' தீத்திருவிழாவைப் பார்த்துவிட்டு வா என்று எழுதியிருந்தேன். "அது நிஜமான வைக்கிங் விழாவே இல்லை அக்கா, விக்டோரியா காலத்துக் கற்பனை" என்று பதில் போட்டிருக்கிறாய். நீ சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அதற்காகப் போகாமல் இருப்பதுதான் எனக்கு ஏற்கவில்லை.

இப்போது விழாவில் எரிக்கும் வைக்கிங் கப்பல் லெர்விக்கில் முதலில் கிடையாது, தார்ப்பீப்பாய்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் எரியும் பீப்பாய்களை இளவட்டங்கள் குறுகிய தெருக்களில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஊர் பயந்துபோய் 1870-களில் அதை நிறுத்தியது. அப்புறம்தான் தீப்பந்த ஊர்வலம் வந்தது. வைக்கிங் கப்பல் சேர்ந்தது 1889-இல், முன்னே நடக்கும் தலைவர் 'கைஸர் யார்ல்' வந்தது 1906-இல்.

ஆனால் வைக்கிங் நினைவை அவர்கள் எங்கிருந்தோ கடன் வாங்கவில்லை. 1469-இல் மகளின் சீதனத்துக்குப் பணம் புரளாத டென்மார்க்-நார்வே ராஜா ஸ்காட்லாந்திடம் அடகு வைத்த தீவுகள் அவை. அடகு மீட்கப்படவே இல்லை. லெர்விக் என்ற பெயரே வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிதான். சேற்று விரிகுடா என்று பொருள். மண்ணுக்குள் கிடந்ததைத்தான் எடுத்து உடுத்திக்கொண்டார்கள்.

எனக்கு எப்போதும் அந்தக் கப்பல் மேல்தான் மனம் போகிறது. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து, வேலை முடிந்து வந்த மாலைகளில், ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் கட்டுகிறார்கள். சுமார் 30 அடி நீளம், டிராகன் தலை, வரிசையாகக் கேடயங்கள். டிசம்பரில் அங்கே பகல் 6 மணி நேரம்கூடத் தேறாது. அந்த இருட்டில் உட்கார்ந்து இழைத்து, வண்ணம் பூசி, அழகு பார்த்து, ஜனவரியின் கடைசிச் செவ்வாய் இரவில் தாங்களே கொளுத்திவிடுகிறார்கள். தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, ஏறக்குறைய ஆயிரம் பேர் பந்தம் ஏந்தி அதைச் சுற்றி நடந்து, பந்தங்களை அதன்மேல் எறிவார்கள். மழை, புயல் என்று தள்ளிவைக்கும் பேச்சே கிடையாது. யார்ல் ஆக ஒருவர் விழாக் குழுவில் சுமார் 15 வருடம் காத்திருக்கிறார், அந்த ஒரே ஒரு நாளுக்காக. இதைப் போய்க் கற்பனை என்று ஒதுக்க எப்படி மனம் வந்தது உனக்கு?

இன்னொன்று. லெர்விக் ஊர்வலக் குழுக்களில் பெண்களுக்கு வெகுகாலம் இடமில்லை. ஊர்வலம் முடிந்தபின் விடிய விடிய மண்டபங்களில் விருந்தோம்பியது மட்டும் அவர்கள். 2022-இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2023 ஊர்வலத்தில் பெண்களும் பந்தம் பிடித்து நடந்தார்கள். நீ சொல்லும் அந்தப் 'புதிய' விழா இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பார்.

நீ இருக்கும் அபர்டீனிலிருந்தே இரவுக் கப்பல் இருக்கிறது. மண்டபத்துக்குள் போக அழைப்போ சீட்டோ வேண்டும், முன்கூட்டியே விசாரித்துவிடு. மறுநாள் புதன்கிழமை ஊருக்கே விடுமுறை, அதனால் நீயும் வியாழக்கிழமை வரை லீவு சொல்லிவிடு. தடித்த கையுறை எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா