இரண்டு நிமிடத்தை முழுதாகக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கும், மேடையில் அமர்ந்திருந்த அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஜூலை 26 அன்று நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடந்த கார்கில் போர் நினைவு நாளைப் பற்றி எழுதுகிறேன். நிகழ்ச்சி நிரல் போட்டதே நீங்கள்தான், அதனால் எல்லாவற்றையும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கீழே நின்றவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பது மேடையிலிருந்து தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அழைப்பிதழில் பத்து மணி என்று இருந்தது. நாங்குநேரிக்குத் தெற்கே ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கும் தெரியும். மேடைக்குப் பந்தல் போட்டிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகளும், முன்னாள் படைவீரர்களும், இறந்தவர்களின் குடும்பத்தாரும் இருந்த இடத்தில் நிழல் இல்லை. மண்ணை வாரி முகத்தில் இறைக்கிற காற்று மட்டும் இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்தால்தான் மௌன அஞ்சலி என்று சொல்லிவிட்டார்கள். அவர் வந்தபோது பதினொன்றரை தாண்டியிருந்தது.

முன்வரிசையில் ஒரு ஆச்சி இருந்தார். காஷ்மீரில் மகனைக் கொடுத்தவர், யாரென்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு நாற்காலி போட்டிருந்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் கார் வருகிறது, எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்று மைக்கில் சொல்லும்போதெல்லாம் அவரும் எழுந்தார். அவர் உட்கார்ந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். முட்டுவலிக்காரர். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் "இப்போது மௌன அஞ்சலி" என்று அறிவிப்பு வந்தது. தலை குனிந்தோம். இருபது நொடிகூட ஆகியிருக்காது. போட்டோக்காரர் குறுக்கே வந்து, "ஆச்சி, கொஞ்சம் நிமிர்ந்து இங்க பாருங்க" என்றார். அவர் நிமிர்வதற்குள், "நன்றி, அனைவரும் அமரலாம்" என்று மைக் சொல்லிவிட்டது. விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதாம்.

ஆச்சி என் பக்கம் திரும்பி, "அதுக்குள்ள முடிஞ்சிட்டாய்யா? நான் இன்னும் அவன் பேரைக்கூடச் சொல்லலியே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

அப்புறம் பொன்னாடை போர்த்தினீர்கள். ஒருவர் விடாமல், பெயர் சொல்லி, பட்டம் சொல்லி, நிதானமாகப் போர்த்தினீர்கள். அதற்கு நேரம் இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். மௌன அஞ்சலிக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். முழுதாகக் கொடுங்கள்.

இரண்டு நிமிடம் என்ற கணக்கு சும்மா வந்ததில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-ல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நண்பகல் பீரங்கி வெடித்ததும் ஊரே வேலையை நிறுத்திவிட்டு நிற்கும் வழக்கம் தொடங்கியது. ஒரு நிமிடம் உயிரோடு திரும்பியவர்களுக்காக, இன்னொரு நிமிடம் திரும்பாதவர்களுக்காக. அடுத்த ஆண்டு நவம்பர் 11-ல் லண்டனிலும் அதே இரண்டு நிமிடம் வந்தது. நம் ராணுவத்திலும் அப்படித்தான். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்க 'சோக் சஸ்திர' ஆணை வரும், பியூகிள் ஊதுகொம்பில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசையை ஊதுவார்கள், தலை குனிந்து இரண்டு நிமிடம் நிற்போம், அடுத்த பியூகிள் ஒலித்த பிறகுதான் நிமிர்வோம். ஜெனரலே வந்திருந்தாலும் அந்த நேரம் குறையாது.

அப்படி நின்று பழகியவனாக ஒன்று சொல்கிறேன். முதல் அரை நிமிடம் மனம் எங்கெங்கோ ஓடும். கால் வலிக்கும், வீட்டு ஞாபகம் வரும். அது அடங்கின பிறகுதான் போனவனின் முகம் வரும், அவன் பேசியது வரும். நீங்கள் கொடுத்த இருபது நொடியில் யார் முகமும் வராது. கார்கிலில் 1999 மே முதல் ஜூலை வரை இறந்த நம் வீரர்கள் 527 பேர். ஆளுக்கு ஒரு நொடி வைத்தாலும் ஒன்பது நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். நாங்கள் கேட்பது இரண்டு.

படைவீரர்கள் சண்டையில் குண்டு பட்டு மட்டும்தான் சாகிறார்கள் என்பதில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் எங்கள் மதராஸ் ரெஜிமென்ட் சாவடியில் இருந்தவர்கள். 2019 பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் இறந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேரில் ஒருவர் கயத்தாறு பக்கம் சவலாப்பேரிக்காரர். டெல்லியில் இருக்கிற தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாத ஆச்சிகளுக்கு நம் பள்ளி மைதானம்தான் டெல்லி.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இறந்தவர்களை மதித்து நினைப்பது புதிதும் இல்லை. வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குப் பீடம் போட்டு, கொடை விழா கொடுத்து, அவன் பிறந்த கதையிலிருந்து செத்த கதை வரை விடிய விடிய வில்லுப்பாட்டில் கேட்கிற ஊர் இது. பாட்டு முடியும்வரை ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் கல்யாண வீட்டிலேயே மைக் செட்டை நிறுத்துகிறோம். இதெல்லாம் தெரிந்த நம் ஜனங்களுக்கு இரண்டு நிமிடம் அமைதியாக நிற்க வராது என்று நீங்கள் நினைத்தால், அது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அசையாமல்தான் நின்றார்கள். அவசரப்பட்டது மேடை.

இன்னும் சொல்ல இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நினைவுத் தூணை வருடம் முழுக்க ப்ளெக்ஸ் பேனர்கள் மறைத்து நிற்கின்றன. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கழற்றுகிறார்கள், மறுநாள் கட்டுகிறார்கள். டிசம்பர் 7 வந்தால் கொடிநாள் நிதிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் வசூல் நடக்கிறது. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண் சான்றிதழ் ஒன்றில் கையெழுத்து வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நிற்கிறாள். மேடையில் 'வீர மங்கை' என்று அழைக்கப்பட்டவள்தான் அவளும். சரி, இதையெல்லாம் தனி மனுவாகவே எழுதித் தருகிறேன். இந்த மடல் மௌன அஞ்சலிக்காக எழுதியது.

உங்களிடம் பணிவோடு கேட்கிறேன். ஜனவரி 30 தியாகிகள் தினத்துக்கு உள்துறை அமைச்சகம் ஆண்டுதோறும் முறை சொல்லி அனுப்புகிறது: 10:59-க்குச் சங்கு, 11:00 மணிக்கு மௌனம், 11:02-க்கு மறுபடியும் சங்கு. அதில் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கச் சொல்லி எதுவும் இல்லை. நம் ஊர் நிகழ்ச்சியிலும் குறித்த நேரத்தில் அஞ்சலியை முதலில் முடித்துவிடுங்கள். விருந்தினர் எப்போது வந்தாலும் வரவேற்கலாம், பேசலாம். அந்த இரண்டு நிமிடம் மட்டும் கேமராவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இறந்தவர்களின் பெயரை அதற்கு முன்பே, குடும்பத்தாரிடம் உச்சரிப்பு கேட்டு, பிழையில்லாமல் வாசியுங்கள். குடும்பத்தாருக்குப் பந்தலுக்குள் இடம் கொடுங்கள். ரோட்டில் பஸ் ஹாரன் அடிக்கும், கைக்குழந்தை அழும், அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், எங்களில் ஒருவர் சீருடையில் வந்து மைக் பக்கத்தில் நிற்போம். ஜனவரி 30-க்கு முன்பாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். அதை நான் ஆச்சியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மதராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார்,
நாங்குநேரி வட்டாரம்.