எழும்பூர் கிர்க்கை 'காப்பி' என்று சொல்லாதீர்கள்

சென்னையில் கட்டடக்கலை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் படித்தபோது ஜார்ஜியன் தேவாலயங்கள், அதாவது ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்துத் தேவாலயங்கள், ஒரே வகுப்பில் முடிந்துவிட்டன. லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்து செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் தேவாலயத்தின் படத்தைத் திரையில் போட்டு, "நம்ம எழும்பூர்ல இருக்கிறது இதோட காப்பி" என்றார்கள். அவ்வளவுதான். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடம், யாரும் எங்களை அழைத்துப் போகவில்லை. பல வருடம் கழித்து நானாகப் போய் அந்த எழும்பூர் தேவாலயமான செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கின் உள்ளே நின்றேன் ('கிர்க்' என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம்). அன்றிலிருந்து அந்த 'காப்பி' என்ற சொல் உறுத்துகிறது.

செயின்ட் மார்ட்டின் 1722-இல் தொடங்கி 1726-இல் முடிந்தது. முதலாம் ஜார்ஜ் ஆண்ட காலம். அதை வடிவமைத்த ஜேம்ஸ் கிப்ஸ் ஸ்காட்லாந்துக்காரர், ரோமில் கார்லோ ஃபொன்டானா என்ற கட்டடக்கலைஞரிடம் தொழில் பயின்றவர். ரோமானியக் கோயில் போன்ற தூண் முகப்பை வைத்து, அதன் பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு எழுவதுபோல் ஊசிக்கோபுரத்தை நிறுத்தினார். கோபுரம் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறதே என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் 1728-இல் அவர் தன் வரைபடங்களைப் புத்தகமாக வெளியிட்டதும், அந்த அமைப்பு அமெரிக்கா வரை பரவியது.

நீங்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய பக்கமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. கிப்ஸ் அந்தத் தேவாலயத்துக்கு முதலில் வரைந்தது வட்டமான கட்டடம். செலவு அதிகம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். கட்டியது நீள்சதுரம்.

இப்போது எழும்பூருக்கு வாருங்கள். 1818-இல் அடிக்கல், 1821-இல் திறப்பு. மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் தொடங்கி நான்காம் ஜார்ஜ் காலத்தில் முடிந்த வேலை. கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்டு. முகப்பும் கோபுரமும் செயின்ட் மார்ட்டினை நினைவூட்டும், சரி. உள்ளே நுழைந்தால் வட்டம்! 16 கொரிந்தியத் தூண்கள் (உச்சியில் இலை வேலைப்பாடு கொண்ட பழங்கிரேக்கப் பாணித் தூண்கள்), அவற்றின்மேல் ஏறத்தாழ 51 அடி விட்டமுள்ள குவிமாடம், அதன் உட்புறம் முழுக்க ஆழ்ந்த நீலம். லண்டனில் செலவைச் சொல்லித் தள்ளிய வட்டம் இங்கே தலைக்குமேல் நிற்கிறது.

அடியில் இருப்பதோ லண்டனில் இல்லாதது. மண் இளகலானது என்பதால் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அஸ்திவாரம் போட்டார்கள். ஏறக்குறைய 150 கிணறுகள், 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை. இது நம் ஊர்ப்பக்கத்துக் கொத்து வேலை. தூண்களில் பளிங்குபோல் மின்னுகிற சுண்ணாம்புப் பூச்சும் அப்படித்தான். கையால் தேய்த்துத் தேய்த்து அந்த மெருகைக் கொண்டுவந்த கொத்தனார்கள் பெயர் எந்தப் பாடத்திலும் வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஆகவே என் கோரிக்கை இது. முதலாண்டு மாணவர்களை, படம் காட்டுவதற்கு முன், எழும்பூருக்கு அழைத்துப் போங்கள். தேவாலயத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, டேப்பும் காகிதமுமாக ஒரு முழுக் காலை அங்கே இருக்கட்டும். அப்புறம் கிப்ஸின் வட்ட வரைபடம், லண்டனில் கட்டிய நீள்சதுரம், தாங்கள் அளந்த எழும்பூர், மூன்றையும் ஒரே அளவுத்திட்டத்தில் பக்கம் பக்கமாக வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்றோரின் பழைய மாணவர் ஒருவர்