டிரைவ் எழுத்து இல்லாத பார்ட்டிஷன் காலி இடம் இல்லை, அண்ணே

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டு லேப்டாப் ஒன்று உங்களில் ஒருவர் கடைக்கு வந்தது. கடைப் பெயர் வேண்டாம். அக்கா மகளுடையது, கல்லூரியில் கடைசி வருஷம். விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஓ.எஸ். போட்டுடலாம், சாயங்காலம் வாங்க" என்றார்கள். டேட்டா என்னாகும் என்று கேட்டதற்கு, "டி டிரைவைத் தொட மாட்டோம்". சொன்னபடியே தொடவில்லை. ஆனால் அவள் புராஜெக்ட் டி டிரைவில் இல்லை, விண்டோஸ் பக்கத்திலேயே போட்டிருந்த உபுண்டு என்ற லினக்ஸ் ஓ.எஸ்.ஸில் இருந்தது.

100 ஜிபி ஒதுக்கி அதைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். விண்டோஸ் இன்ஸ்டால் திரையில் அது பெயரில்லாமல் வெறும் பார்ட்டிஷனாக, அதாவது டிஸ்கில் பிரித்து வைத்த ஒரு பகுதியாக, நிற்கும். கடைப் பையன் ஏதோ பழைய ரிக்கவரி என்று நினைத்து அழித்து, சி டிரைவோடு சேர்த்துவிட்டான். "சி பெருசாயிடுச்சு பாருங்க" என்று சந்தோஷமாகத்தான் காட்டினான். திட்ட மனம் வரவில்லை. பேக்கப் எடுக்காதது எங்கள் தப்பு, சரி.

லினக்ஸ் ஃபைல்களைச் சேமிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற அமைப்பு விண்டோஸுக்குத் தானாகப் படிக்க வராது. அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து விண்டோஸில் திறந்து பாருங்கள், உடனே "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்கும். தனக்குப் படிக்கத் தெரியாததை எல்லாம் வெற்றுத்தாள் என்று நினைக்கும் பழக்கம் அதற்கு.

இரண்டு ஓ.எஸ். உள்ள மெஷின் உங்கள் மேஜைக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. (அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.) இனி இன்னும் கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷின்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதில் ஒரு பங்கு லினக்ஸோடுதான் உங்களிடம் வரும்.

அப்படி வந்தால் சி-யை மட்டும் ஃபார்மேட் செய்யுங்கள். சின்னதாக இருக்கிறதே என்று இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தூக்கிவிடாதீர்கள், இரண்டும் பூட் ஆவதற்கான ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் போட்டு முடித்ததும் லினக்ஸ் மெனு வராது. பயப்பட வேண்டாம், விண்டோஸ் தன்னை வரிசையில் முதலில் வைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பயாஸில், அதாவது மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், பூட் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கே லினக்ஸ் பெயரே இல்லையென்றால், லினக்ஸ் ஏற்றிய லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அந்த மெனுவைக் காட்டும் கிரப்-ஐத் திரும்பப் போட வேண்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்ட மெஷின் என்றால் மட்டும், பயாஸைத் தொடும் முன் 48 இலக்க ரிக்கவரி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கடிகாரம். காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 காட்டுகிறதே என்று மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரியை மாற்றாதீர்கள். லினக்ஸ் மெஷின் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்தரை மணி நேரம்தான் இடிக்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்லி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும்.

கேட்பது ஒன்றுதான். மெஷினை வாங்கும்போது சீட்டில் சார்ஜர், பை, பேட்டரி என்று எழுதுகிறீர்களே, அதன் கீழே "வேறு ஓ.எஸ். உண்டா?" என்று ஒரு வரி சேருங்கள்.

மருமகள் லேப்டாப்பில் திரும்ப உபுண்டு போட்டாயிற்று. இப்போது திரையின் கீல் ஆடுகிறது. அடுத்த வாரம் அதே கடைக்குத்தான் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை வாடிக்கையாளர் ஒருவன்