முற்பிறவி வினையும் தீண்டாமையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாழ்த்தப்பட்ட குடியில் பிறப்பது முற்பிறவி வினைப்பயன் என்று இன்றும் சில மேடைகளில் பேசுகிறார்கள். ஆதிமுதல் இதுவே வேதக் கருத்து என்பது சரியல்ல. நால்வருணம் பேசும் ரிக் வேத புருஷ சூக்தத்தில் (10.90) வாய், தோள், தொடை, பாதம் என்ற பகுப்பு உண்டு, மறுபிறவி இல்லை. சாந்தோக்கிய உபநிடதம் (5.10.7) தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது: நல்லொழுக்கத்தார் அந்தணர், அரசர், வணிகர் வயிற்றில் பிறப்பர், தீயொழுக்கத்தார் நாய், பன்றி, சண்டாளர் (தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டோர்) வயிற்றில். மனிதர்களை விலங்கு வரிசையில் நிறுத்தும் இந்த வரியைப் படிக்கவே மனம் கொதிக்கிறது.

வாதத்தின் ஓட்டையும் பெரிது. முற்பிறவிக் குற்றத்தைக் கண்டவர் யாருமில்லை. இன்றைய இழிநிலையை வைத்துக் குற்றத்தை ஊகிக்கிறார்கள்; பிறகு அதே குற்றத்தை இழிநிலைக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். மறுபிறவியை ஏற்ற பௌத்தமோ, பிறப்பால் எவரும் பிராமணர் ஆவதில்லை, செயலால்தான் ஆகிறார் என்றது.

மறுபிறவியை நம்புவது அவரவர் உரிமை. ஆனால் அதைக் காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்துவது குற்றம். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955, பிரிவு 7 இதைக் குற்றமாக்குகிறது: சமய, தத்துவ, வரலாற்றுக் காரணம் எதைச் சொல்லி நியாயப்படுத்தினாலும் அது தீண்டாமைக்குத் தூண்டுதலே. தண்டனை 1 முதல் 6 மாதச் சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் அபராதம். இப்படிப் பேசுவோர்மீது புகார் கொடுத்தால், அதில் ‘தீண்டாமையை ஆதரித்துப் பேசினார்’ என்று பொதுவாக எழுதாமல், பேசிய வாக்கியத்தை அப்படியே எழுதி, தேதி, இடம், ஒலிப்பதிவு, பிரிவு எண் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்