மினுங்கும் சுவரும் உக்கும் அடிக்குற்றியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்னோடிக் குடியேறிகளின் மரக்குற்றி வீடொன்று திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ‘புத்தம் புதிதாய் மினுங்குகிறது’ என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்களையும் கவனித்துப் பார்த்தோம். குற்றிகளுக்கிடையே சாம்பல் நிறச் சீமெந்து, வெளிச்சுவரில் வார்னிஷ், சுவரை ஒட்டிப் பூஞ்செடிப் பாத்தி. மூன்றும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் மூன்றுமே அந்த வீட்டின் ஆயுளைக் குறைப்பவை. கட்டுரையாளரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை; நல்ல மனத்தோடு பணம் சேர்த்துப் பழுதுபார்ப்பவர்களே கனடா முழுவதும் இந்தப் பிழையை விடுகிறார்கள்.

இந்த வீடுகள் எதற்காக, எப்படிக் கட்டப்பட்டவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1872ஆம் ஆண்டு டொமினியன் நிலச் சட்டத்தின்படி 10 டொலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே வீடு கட்டிக் குடியிருந்து, நிலத்தையும் பண்படுத்திக் காட்டினால்தான் காணி உறுதி கைக்கு வரும். (அந்த மண்ணில் அதற்கு முன் வாழ்ந்த முதற்குடிகளைப் பல காட்சிப் பலகைகள் இன்னும் ஒரே வரியில் கடந்துபோகின்றன. அது தனிக் கடிதத்துக்கான விடயம்.) ஆகவே சமவெளி மாகாணங்களில் முதல் வீடு அவசரத்தில் எழுந்தது: நான்கு மூலையிலும் தட்டையான கல், அதன் மேல் அடிக்குற்றி, சுற்றிலும் கைக்கெட்டிய மரம். நல்ல வீடு கட்டும்வரை தாங்கினால் போதும் என்பதே கணக்கு. ஒன்ராறியோவின் வீடுகள் இன்னும் பழையவை. ரொறன்ரோவின் பிளாக் கிறீக் அருங்காட்சியகக் கிராமத்தில் ஸ்ரோங் குடும்பத்தின் முதல் வீடு 1816இல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்கென்று எழுப்பியதை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கவைப்பதானால் பூச்சைவிட முக்கியமானது தண்ணீர் போகும் வழி.

மரம் வயதால் உக்குவதில்லை, ஈரத்தால் உக்குகிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சணத்துக்கு அங்கே வேலையில்லை. 28, 30 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் உக்கல் தொடங்கும். முதலில் போவது அடிக்குற்றி. கூரையில் பீலி இல்லாத வீட்டில் இறவாரத்துத் தண்ணீர் நிலத்தில் விழுந்து சேற்றோடு தெறித்து அதில்தான் படுகிறது. குளிர்காலத்தில் பனிக்குவியல் அதில்தான் சாய்ந்து கிடக்கிறது. பூஞ்செடிப் பாத்தி இருந்தால் வேறு எதிரி தேவையில்லை: மண் உயர்கிறது, காற்று தடைப்படுகிறது, கோடையிலும் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடிக்குற்றியின் கீழ்விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில் குறைந்தது 8 அங்குலம் வேண்டும். சுவரிலிருந்து முதல் 10 அடிக்கு நிலம் 6 அங்குலமாவது வெளிநோக்கிச் சரிய வேண்டும். பல வீடுகளில் இவ்விரண்டையும் ஒரு மண்வெட்டியோடு இரண்டு நாளில் சரிப்படுத்திவிடலாம். செலவும் சொற்பம். அதனால்தானோ என்னவோ நிதி விண்ணப்பங்களில் இது இடம்பெறுவதில்லை.

அடிக்குற்றியைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. வெளிப்புறம் இரும்பாய் இருக்க, உள்ளே மாவாகியிருக்கும். மரச்சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்னும், உக்கியது மொத்தென்னும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார்க்கலாம். ஊசியிரண்டுள்ள ஈரமானியால் வடக்குச் சுவர், மூலைப் பொருத்துகள், சன்னல்களின் அடி ஆகியவற்றை ஆண்டுக்கு இரண்டு தடவை, அதே இடங்களில், அளந்து பதிய வேண்டும். ஒரே ஒருமுறை எடுத்த அளவை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இனிச் சீமெந்துக்கு வருவோம். குற்றி ஈரத்தில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், சீமெந்து அசையாது. முதல் ஆண்டிலேயே பூச்சின் மேல்விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடும். மழைநீர் அதனூடாக உள்ளே போகும், பூச்சு இறுக்கமானது என்பதால் வெளியே வராது. பூச்சு அப்படியே நிற்க, அதன் பின்னால் குற்றியின் மேல்முதுகு உக்கிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சீமெந்தை உடைக்கும்போதுதான் சேதம் தெரியவரும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. அது மரத்தோடு ஓரளவு இசைந்து போகும், ஈரத்தையும் வெளியே விடும், உடைந்தாலும் தானே உடையும், மரத்தைக் கெடுக்காது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய கூர்மணல், உதிராமல் பிடிக்க ஆட்டுமயிரோ பன்றிமயிரோ. மணல் உருண்டையாக இருந்தால் சாந்து பிடிப்பில்லாமல் நொறுங்கும். குற்றிகளுக்கிடையே அடைத்திருக்கும் பழைய கல்லையும் ஆப்பையும் பாசியையும் எடுத்தெறியாமல் அவற்றின் மேலேயே பூச வேண்டும். முதலில் தண்ணீர் தெளித்துக்கொள்ளாவிட்டால் உலர்ந்த மரம் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு படை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அது இறுகியபின் அடுத்தது. பூச்சின் முகம் குற்றியின் முகத்திலிருந்து சற்று உள்வாங்கி, கீழ்நோக்கி வெளியே சரிந்திருக்க வேண்டும். பூச்சு வெளியே பிதுங்கினால் மழைக்குத் திண்ணை போட்டுக்கொடுத்ததாகிவிடும். ஒரு வாரம் ஈரச்சாக்கு மறைப்பு. முதல் உறைபனிக்கு ஆறேழு வாரத்துக்கு முன்னரே வேலை முடிந்திருக்க வேண்டும். இறுகாத சுண்ணாம்பு உறைந்தால் வசந்தத்தில் பொருக்காய் உதிரும்.

எட்மன்ரனுக்குக் கிழக்கேயுள்ள உக்ரேனியப் பண்பாட்டு மரபுக் கிராமத்தில் வேறு வகைச் சுவர்களைப் பார்க்கலாம்: களிமண், வைக்கோல், சாணம் குழைத்துக் குற்றிச்சுவரின் மேல் அப்பி, சுண்ணாம்பு அடித்தவை. சாணம் மெழுகிய திண்ணையை அறிந்த நமக்கு இந்த முறையை விளக்கத் தேவையில்லை. அங்கேயும் விதி ஒன்றுதான். மண்சுவரை மண்ணாலேயே ஒட்ட வேண்டும், ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ற் அடித்த மண்பூச்சு இரண்டு குளிர்காலத்தில் தட்டுத்தட்டாய்க் கழன்று விழும்.

வார்னிஷும் அதே கதைதான். வெயில் அதை வெடிக்கச் செய்யும், வெடிப்பினூடாகப் போன ஈரம் மெல்லிய படலத்துக்குள் சிறைப்படும். ஆளிவிதை எண்ணெய் தடவுவோரும் உண்டு. அதில் தூசும் கறுப்புப் பூஞ்சணமும் ஒட்டிச் சுவர் கருகியதுபோல் ஆகிவிடும். சாம்பல் பூத்த குற்றிக்கு ஒன்றும் தடவத் தேவையில்லை, அது ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. உயரழுத்தத் தண்ணீராலோ மணல் வீச்சாலோ ‘சுத்தப்படுத்தினால்’ கோடரியும் வாய்ச்சியும் விட்ட தழும்புகள் போய்விடும். யார், எந்தக் கருவியால், எந்தப் பக்கமாக நின்று செதுக்கினார் என்பதற்கு அந்தத் தழும்புகளைத் தவிர வேறு சான்று இல்லை.

கூரை நன்றாயிருந்தால் மற்றப் பிழைகளைத் திருத்த அவகாசம் கிடைக்கும். 16 அங்குலச் சீடர் மர ஓட்டில் 5 அங்குலம் மட்டுமே வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் எந்த இடத்திலும் மூன்று படை இருக்கும். பக்கத்து ஓடுகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விடாவிட்டால் மழையில் பருத்து ஒன்றையொன்று நெருக்கிக் கிளம்பும். மேல்வரிசை இடைவெளி கீழ்வரிசை இடைவெளியிலிருந்து ஒன்றரை அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். ஓட்டுக்கு இரண்டே ஆணி, துத்தநாகம் தோய்த்தது அல்லது துருப்பிடியாத உருக்கு. சாதாரண ஆணி அடித்தால் ஓட்டுக்கு முன்னால் ஆணி இற்றுவிடும். அடியில் இடைவெளி விட்ட பலகைகளே பழைய முறை. ‘பலமாக இருக்கட்டும்’ என்று முழுப்பலகையும் தார்த்தாளும் விரித்து அதன்மேல் நேரடியாக ஓடு அறைந்தால் கீழ்ப்பக்கம் காயாமல் பாதி ஆயுளில் போய்விடும்.

அடிக்குற்றியை மாற்றியே தீரவேண்டும் என்றால், முதலில் இடைப்பூச்சை அகற்றி, புகைக்கூண்டைச் சுவரிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் ஜாக்கிகளை வைத்து, ஒரே நேரத்தில், ஒவ்வொரு தடவையும் கால் அங்குலத்துக்கு மேற்படாமல் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு உயர்த்தலுக்கும் ஆப்பு கூடவே போக வேண்டும். எண்ணெய் ஜாக்கி தெரியாமல் இறங்கும், ஆப்பு இறங்காது. குற்றி கழன்றுவரும் அளவுக்குத்தான் தூக்குவது. சுவரை மட்டம் பார்த்து நிமிர்த்த ஆசைப்பட்டால் நூறாண்டுகளாகச் சரிவுக்குப் பழகிய கதவுநிலைகள் பிளக்கும். புதுக் குற்றி அதே இன மரமாகவும் நன்றாகக் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். பச்சை மரம் வைத்தால் அது காய்ந்து சுருங்க, மேற்சுவரின் பாரம் மூலைப்பொருத்துகளில் தொங்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் முழுக்குற்றியையும் எறியாமல், நல்ல மரம்வரை வெட்டி ஒட்டு வைக்கலாம். எத்தனை குற்றி மாற்றினோம் என்பதைச் சாதனையாகச் சொல்வோரைப் பார்த்திருக்கிறோம். எத்தனை மாற்றாமல் காத்தோம் என்பதல்லவா கணக்கு?

வீட்டைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுவருவது கடைசி வழி. சென். லோரன்ஸ் கடல்வழித் திட்டத்துக்காக 1958இல் ஊர்கள் நீரில் மூழ்கியபோது வேறு வழி இருக்கவில்லை. அப்படிக் காப்பாற்றப்பட்ட கட்டடங்களோடு அப்பர் கனடா விலேஜ் என்ற அருங்காட்சியகக் கிராமம் 1961இல் திறக்கப்பட்டது. கழற்றுவதானால் முதலில் நான்கு சுவருக்கும் அளவுப் படம், மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு, அளவுகோல் வைத்த ஒளிப்படங்கள். குற்றிகளின் உட்பக்கத்தில், சுவருக்கு ஓர் எழுத்து, வரிசைக்கு ஓர் எண் என அலுமினியத் தகடு அறைய வேண்டும்; சோக்கும் பெயின்றும் மழையில் போய்விடும். மிகப்பெரிய இழப்பு நடப்பது கழற்றும்போதல்ல, அதற்குப் பிறகு. ‘அடுத்த ஆண்டு நிதி வரும்’ என்று வயலோரம் தறப்பாளால் இறுகச் சுற்றிய குவியல் ஐந்தாண்டில் எருவாகிவிடும். நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, வரிசைக்கு வரிசை ஓரங்குலச் சட்டம் வைத்து, மேலே மட்டும் கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். புது அத்திவாரம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே, தென் ஒன்ராறியோவில் ஏறத்தாழ 4 அடி, இறங்க வேண்டும். கொங்கிறீற்றின் மேல் குற்றியை நேரே வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சும். இடையில் ஈரந்தடுக்கும் படை கட்டாயம்.

குளிர்காலத்தில் ஒரு நாள் விழாவுக்காக மட்டும் உள்ளே சூடேற்றுவதையும் நிறுத்தினால் நல்லது. காற்றோட்டத்தோடு குளிரவிட்ட வீடுதான் நன்றாக இருக்கும். தச்செறும்பு கண்டால் உடனே மருந்தடிக்க ஓடவேண்டாம்; அது மரத்தைத் தின்பதில்லை, ஈரமான மரத்தில் கூடு குடைகிறது. மேலே எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

கடைசியாக, இந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவதன் காரணம். ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்க 40 மணிநேரச் சமூகப்பணி வேண்டும்; எங்கே செய்வது என்று நம் பிள்ளைகள் அலைகிறார்கள். நகருக்கு வெளியேயுள்ள சிறிய அருங்காட்சியகங்களுக்கு ஆள் போதாது. வசந்தத்தில் பனி உருகியதும் ஒவ்வொரு சுவரையும் அதே இடத்தில் நின்று படமெடுத்தல், ஈரமானி அளவுகளைப் பதிதல், சுவரோரத்து இலைகுழைகளை அள்ளுதல் ஆகியவற்றை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை செம்மையாகச் செய்யலாம். ஏணியில் ஏறுவதும் ஜாக்கி வேலையும் வேண்டாம். சுண்ணாம்பு குழைக்கும் இடத்தில் நிற்பதென்றால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் நிற்கவிடாதீர்கள். அது கண்ணைச் சுட்டுவிடும்.

இப்படிக்கு,
மரபுக் கட்டடப் பராமரிப்பில் ஈடுபடும் வாசகர்கள் சிலர்,
ரொறன்ரோ